கப்பல் புகை எந்த நாட்டின் கணக்கு?

கப்பல்கள் வெளியிடும் பசுமை இல்ல வாயுவுக்கு உலகம் முழுவதும் விலை வைக்கும் விதிகளுக்கு, கப்பல் விதிகளை வகுக்கும் ஐ.நா. நிறுவனமான சர்வதேசக் கடல்சார் அமைப்பில் 2025 ஏப்ரலில் 63 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை 16. அந்த விதிகளை முறைப்படி நிறைவேற்ற அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் சிறப்புக் கூட்டம் கூடியது. அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் கடுமையாக எதிர்த்த அந்தக் கூட்டம் முடிவெடுக்காமலேயே கலைந்தது. ஓராண்டு ஒத்திவைக்கலாம் என்பதற்கு 57 வாக்குகள், கூடாது என்பதற்கு 49.

இப்படி ஒரு முட்டுக்கட்டை விழுந்ததும், "அங்கே முடிவாகட்டும், அதுவரை நாம் என்ன செய்ய முடியும்?" என்று கைகட்டி நிற்பது எந்த அரசுக்கும் எளிது. கப்பல் என்பது பல நாட்டுக் கடல்களில் ஓடுவது. ஒரு நாட்டில் பதிவாகி, இன்னொரு நாட்டவருக்குச் சொந்தமாகி, மூன்றாம் நாட்டின் சரக்கை ஏற்றுவது. ஆகவே உலக விதி வந்தால்தான் எதுவும் நடக்கும் என்ற வாதம் கேட்க நியாயமாகவே ஒலிக்கிறது. ஆனால் அது பாதி உண்மைதான். துறைமுகம், உள்நாட்டுப் படகுப் போக்குவரத்து, எரிபொருள் கிடங்கு, மின்கம்பி, பயணிகள் படகுக்கான டெண்டர் ஆகிய அனைத்தும் ஏதோ ஓர் அரசின் கையில்தான் இருக்கின்றன. தேசியச் செயல்திட்டம் என்பது அந்தக் கையில் இருப்பவற்றைக் கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்பதை எழுதி வைப்பது. எழுதப்பட்ட திட்டங்களில் சில கடலில் ஓடும் கப்பல்களையே மாற்றியிருக்கின்றன, சில காகிதத்தோடு நின்றுவிட்டன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

முதலில் கணக்குச் சிக்கல். 1997-இன் கியோட்டோ நெறிமுறை, சர்வதேசக் கப்பல் எரிபொருளின் உமிழ்வைக் குறைக்கும் பொறுப்பை வளர்ந்த நாடுகள் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழியாக நிறைவேற்ற வேண்டும் என்றது. 2015-இன் பாரிஸ் ஒப்பந்தத்தில் கப்பல் என்ற சொல்லே இல்லை. ஒரு நாடு ஐ.நா.வுக்கு அனுப்பும் உமிழ்வுப் பட்டியலில், பன்னாட்டுப் பயணம் போகும் கப்பல்களுக்கு அந்நாட்டில் விற்ற எரிபொருள் தனியே குறிக்கப்படும். நாட்டின் மொத்தத்தில் அது சேராது.

இதன் விளைவைப் பார்க்க சிங்கப்பூரைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. உலகிலேயே மிகுதியாகக் கப்பல் எரிபொருள் நிரப்பும் துறைமுகம் அது. 2024-இல் அங்கே விற்ற கப்பல் எரிபொருள் ஏறத்தாழ 5.5 கோடி டன். ஒரு டன் கனரக எண்ணெய் எரிந்தால் 3.114 டன் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும் என்பது கப்பல் துறையின் நிலையான கணக்கு. அப்படியென்றால் ஓராண்டில் சிங்கப்பூரில் நிரப்பப்பட்ட எண்ணெயிலிருந்து மட்டும் 15 கோடி டன்னைத் தாண்டி வாயு வெளிவரும். சிங்கப்பூரின் சொந்தக் கணக்கில் வரும் மொத்த உமிழ்வோ ஆண்டுக்கு ஏறத்தாழ 6 கோடி டன். சொந்தக் கணக்கைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான தொகை, யாருடைய இலக்கிலும் சேராமல் கடலில் கரைகிறது. இதில் சிங்கப்பூரைக் குறை சொல்வதற்கில்லை. அது விதிப்படியே எழுதுகிறது. கேள்வி அந்த விதியைப் பற்றியது.

ஐக்கிய இராச்சியம் இந்த இடைவெளியைத் தானாக முன்வந்து அடைத்தது. 2033 முதல் 2037 வரையிலான ஆறாவது கார்பன் வரவுசெலவில், அதாவது ஐந்தாண்டு உமிழ்வு உச்சவரம்பில், பன்னாட்டுக் கப்பல், விமானப் போக்குவரத்தில் தனக்குரிய பங்கையும் சேர்ப்பதாக அறிவித்தது. உலக ஒப்பந்தம் எதுவும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. இலக்குக்குள் வந்துவிட்ட உமிழ்வைப் பற்றி ஆண்டுதோறும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

இனி இன்னொரு புறம். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் நான்காவது ஆய்வு 2020-இல் வெளிவந்தது. கப்பல்களின் மொத்தப் பசுமை இல்ல வாயு உமிழ்வு 2012-இல் 97.7 கோடி டன்னாக இருந்து 2018-இல் 107.6 கோடி டன்னாக உயர்ந்தது என்றும், மனிதச் செயல்களால் வரும் உமிழ்வில் அது 2.89 விழுக்காடு என்றும் அந்த ஆய்வு சொன்னது. செய்திகளில் அடிபட்டவை இந்த எண்கள்தான். ஆனால் தேசியத் திட்டம் தீட்டுபவர் பார்க்க வேண்டிய எண் வேறொன்று. பழைய முறையில், கப்பலின் வகையையும் அளவையும் வைத்து இது உள்நாட்டுக் கப்பல், இது பன்னாட்டுக் கப்பல் என்று பிரித்தார்கள். அப்படிப் பிரித்தால் 2018-இல் பன்னாட்டுப் போக்குவரத்தின் கார்பன் டை ஆக்சைடு 91.9 கோடி டன். நான்காவது ஆய்வு, கப்பல்கள் தம் இருப்பிடத்தை இடைவிடாமல் அறிவிக்கும் தானியங்கி அடையாளக் கருவியின் தரவைக் கொண்டு ஒவ்வொரு பயணத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தது. ஒரு நாட்டின் துறைமுகத்திலிருந்து அதே நாட்டின் இன்னொரு துறைமுகத்துக்குப் போனால் அது உள்நாட்டுப் பயணம். இந்த முறையில் பன்னாட்டுப் பங்கு 74 கோடி டன்னாகச் சுருங்கியது.

அந்த 18 கோடி டன் வேறுபாடு எங்கே போனது? உள்நாட்டுக் கணக்குக்கு வந்தது. மீன்பிடிக் கலங்களையும் சேர்த்தால், கப்பல் துறையின் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 30 விழுக்காடு எந்தப் பன்னாட்டு அமைப்பையும் கேட்காமல் அந்தந்த அரசே சட்டம் போட்டுக் குறைக்கக்கூடியது. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் நாடுகள் அளித்த வாக்குறுதிகளுக்குள் ஏற்கெனவே அடங்கியதும் இதுதான். "கப்பல் நம் கையில் இல்லை" என்று சொல்லும் அமைச்சகத்தின் முன் நான் முதலில் வைக்க விரும்பும் எண் இந்த 30.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு தேசியச் செயல்திட்டங்களைப் பற்றி 2020 நவம்பரில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 2022 டிசம்பரில் அதைத் திருத்தியது. உறுப்பு நாடுகள் விரும்பினால் திட்டம் தீட்டி அனுப்பலாம் என்று ஊக்குவிக்கும் தீர்மானம் அது, கட்டாயம் இல்லை. உள்நாட்டுச் சட்டத்தைச் சீர்செய்வது, கப்பல்களின் எரிபொருள் சிக்கனம், மாற்று எரிபொருள் ஆய்வு, துறைமுக உமிழ்வு, பயிற்சியும் வட்டார ஒத்துழைப்பும், பசுமைக் கப்பல் போக்குவரத்துக்கான உள்கட்டமைப்பு ஆகியவை அதில் இடம்பெறலாம் என்று தீர்மானம் சொல்கிறது. நார்வேயின் நிதியில் 2019-இல் தொடங்கிய 'கிரீன்வாயேஜ்2050' என்ற திட்டம், வளரும் நாடுகள் இதைச் செய்ய உதவுகிறது. வழிகாட்டி நூலும் வெளியிட்டிருக்கிறது.

சட்டத்தைச் சீர்செய்வது என்பது ஒப்புக்கு எழுதும் வரியாகத் தோன்றலாம். அப்படியன்று. கப்பல் புகையைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு விதிகள் மார்போல் உடன்படிக்கையின் ஆறாம் இணைப்பில் உள்ளன. புதிய கப்பல்களுக்கான ஆற்றல் திறன் வடிவமைப்புக் குறியீடு, ஓடும் கப்பல்களுக்கு ஆண்டுதோறும் 'ஏ' முதல் 'இ' வரை தரும் கார்பன் செறிவு மதிப்பீடு எல்லாம் அதன் பகுதிகள். அமைப்பில் 176 உறுப்பு நாடுகள் இருக்க, இந்த இணைப்பை ஏற்றவை 100-ஐச் சற்றே தாண்டும். ஏற்காத நாட்டின் துறைமுக ஆய்வாளர், வந்து நிற்கும் கப்பலின் மதிப்பீட்டுச் சான்றைக் கேட்கச் சட்ட அடிப்படை இல்லை. ஏற்றும் உள்நாட்டுச் சட்டமாக்காத நாட்டிலும் இதே நிலைதான். எரிபொருள் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது. செலவு மிகக் குறைவு.

அடுத்தது கணக்கெடுப்பு. பல திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. 5,000-க்கும் மேற்பட்ட மொத்தக் கொள்ளளவு கொண்ட பன்னாட்டுக் கப்பல்கள் ஆண்டுதோறும் தம் எரிபொருள் செலவை அறிவிக்க வேண்டும் என்ற விதி 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் உள்நாட்டுக் கடலில் ஓடும் பெரும்பாலான கலங்கள் அந்த அளவை எட்டாதவை. இழுவைப் படகு, மாலுமி வழிகாட்டிப் படகு, தூர்வாரும் கப்பல், பயணிகள் படகு, மீன்பிடி விசைப்படகு, தீவுகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் சிறு கப்பல் ஆகியவை எவ்வளவு எரிக்கின்றன என்று எந்தப் பதிவேட்டிலும் ஒரே இடத்தில் இருக்காது.

ஓர் இழுவைப் படகை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய கப்பலைத் துறைமுகத் தளத்தோடு ஒட்டி நிறுத்த உதவும்போது அந்தப் படகு முழு ஆற்றலில் இயங்குவது சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் காத்திருப்பது, மெதுவாக நகர்வது, துணை எஞ்சினை மட்டும் ஓட விடுவது. அந்தப் படகின் எஞ்சின் ஆற்றலை இயங்கிய மணி நேரத்தால் பெருக்கிக் கணக்கிட்டால் உண்மையைப்போல் சில மடங்கு வரும். எண்ணெய் நிரப்பிய ரசீதுகளைக் கூட்டினால் சரியான எண் கிடைக்கும்: ஆண்டுக்கு 300 டன் டீசல் என்றால், டன்னுக்கு 3.206 வீதம், 962 டன் கார்பன் டை ஆக்சைடு. ஆனால் ரசீது துறைமுக நிறுவனத்திடம் இருக்கிறது, இயங்கிய நேரம் படகின் பதிவேட்டில் இருக்கிறது, விற்பனைக் கணக்கு எண்ணெய் நிறுவனத்திடம் இருக்கிறது. மூன்றையும் ஒருவர் மேசைக்குக் கொண்டுவரச் சட்ட அதிகாரம் வேண்டும். அதை யாருக்கும் தராமல் தீட்டப்பட்ட திட்டம், எவ்வளவு அழகான இலக்கைச் சொன்னாலும், அதை எட்டினோமா இல்லையா என்று காட்ட முடியாது.

இந்த ரசீதுக் கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். சிறிது நேரம் முழு ஆற்றல், நெடுநேரம் காத்திருப்பு, இரவில் எப்போதும் அதே துறைமுகத்தில் கட்டிவைப்பு: மின்கலத்துக்கு ஏற்ற வாழ்க்கை இது. அதனால்தான் பல நாட்டுத் திட்டங்கள் துறைமுகக் கலங்களிலிருந்து தொடங்குகின்றன. 2030 முதல் தன் துறைமுகத்தில் இயங்க வரும் புதிய சிறு கலங்கள் முழு மின்சாரத்திலோ, முழு உயிரி எரிபொருளிலோ, நிகர பூஜ்ய எரிபொருளிலோ இயங்கத் தக்கவையாக இருக்க வேண்டும் என்று சிங்கப்பூர் விதித்திருக்கிறது. இந்தியா 2024-இல் தொடங்கிய பசுமை இழுவைப் படகுத் திட்டத்தில், முதல் கட்டமாக நான்கு பெரிய துறைமுகங்கள் தலா இரண்டு பசுமைப் படகுகளையாவது பெற வேண்டும். ஜப்பானில் 2024 ஆகஸ்டில் 'சகிகாகே' என்ற இழுவைப் படகு அமோனியாவில் ஓடத் தொடங்கியது.

இனி நார்வே. தேசியத் திட்டம் என்ற பேச்சு வரும் இடமெல்லாம் நார்வேயின் பெயர் வரும். ஆனால் எதனால் அங்கே மாற்றம் நடந்தது என்பதைப் பலர் சரியாகச் சொல்வதில்லை. எண்ணெய்ப் பணம் இருக்கிறது, நீர்மின்சாரம் இருக்கிறது என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் எண்ணெய்ப் பணமும் நீர்மின்சாரமும் அங்கே நெடுங்காலமாக இருந்தவை; மின்படகுகள் 2015-இல்தான் வரத் தொடங்கின.

நார்வேயின் மேற்குக் கரையில் சாலைகள், மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்கைகளான ஃபியோர்டுகளில் வந்து முட்டி நிற்கும். காரோடு ஏறி மறுகரை போகும் படகுகள் அங்கே நெடுஞ்சாலையின் நீட்சி. அந்த வழித்தடங்கள் அரசுக்கோ மாகாணத்துக்கோ உரியவை. நிறுவனங்கள் டெண்டர் எடுத்துப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் ஓட்டுகின்றன. சொங்னே ஃபியோர்டில் லாவிக், ஒப்பெடால் என்ற இரு ஊர்களுக்கு இடையே 5.7 கி.மீ. தடம். அதற்கான ஏலத்தில் சாலைத் துறை சுற்றுச்சூழலுக்கு உகந்த புதிய தொழில்நுட்பம் வேண்டும் என்று கேட்டது. வென்ற நிறுவனம் முழுக்க மின்கலத்தில் ஓடும் 'ஆம்பியர்' என்ற கார்ப் படகை 2015-இல் ஓட்டத் தொடங்கியது. 120 கார்கள், 360 பயணிகள், கடக்க 20 நிமிடம், ஒவ்வொரு கரையிலும் மின்னேற்றம் செய்ய ஏறத்தாழ 10 நிமிடம்.

அங்கே ஒரு தடை எழுந்தது. இரண்டும் சிற்றூர்கள். 10 நிமிடத்தில் ஒரு படகுக்கு வேண்டிய மின்சாரத்தை இழுத்தால் அந்த ஊர்களின் மின்கம்பி தாங்காது. கரைக்கு ஒன்றாகப் பெரிய மின்கலங்களை நிறுவினார்கள். படகு இல்லாத நேரத்தில் அவை ஊர் மின்சாரத்தை மெதுவாக வாங்கிச் சேமிக்கும், படகு வந்ததும் ஒரேயடியாகக் கொடுக்கும். கப்பல் திட்டம் என்று தொடங்கியது இங்கே மின்வாரியத் திட்டமாக மாறியதைக் கவனிக்க வேண்டும். கப்பல் துறை மட்டும் உட்கார்ந்து தீட்டும் ஆவணத்தில் இந்த மின்கலங்கள் இடம்பெற்றிருக்காது.

அதே 2015-இல் நார்வே நாடாளுமன்றம், இனிவரும் படகு டெண்டர்களில் பூஜ்ய அல்லது குறைந்த உமிழ்வுத் தொழில்நுட்பத்தை நிபந்தனையாக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொண்டது. ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாக, புதியவை இந்த நிபந்தனையோடு வந்தன. சில ஆண்டுகளுக்குள் 70-க்கும் மேற்பட்ட மின்படகுகள் ஓடத் தொடங்கின. உள்நாட்டுக் கப்பல், மீன்பிடி உமிழ்வை 2030-க்குள் பாதியாக்கும் பசுமைக் கப்பல் செயல்திட்டத்தை அரசு வெளியிட்டது 2019-இல்தான். திட்ட ஆவணம் பின்னால் வந்தது, டெண்டர் நிபந்தனை முன்னால் வந்தது. உள்நாட்டு எரிபொருளுக்குக் கார்பன் வரியோ 1991 முதலே இருந்தது.

நார்வேயின் கதை எல்லாம் வெற்றி என்றும் சொல்ல முடியாது. 'ஹைட்ரா' என்ற படகு 2023-இல் திரவ ஹைட்ரஜனில் ஓடத் தொடங்கியபோது, அந்த ஹைட்ரஜன் ஜெர்மனியிலிருந்து லாரியில் வர வேண்டியிருந்தது. படகு தயார், எரிபொருள் உள்நாட்டில் இல்லை. மீன்பிடிக் கலங்களுக்கும் கடல் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சேவை செய்யும் கப்பல்களுக்கும் படகுத் தடங்களைப்போல் ஒரே முதலாளி இல்லை. டெண்டர் என்ற பிடி அங்கே கிடையாது. அந்தப் பகுதிகள் மெதுவாகத்தான் அசைகின்றன.

பிரிட்டனை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 2019 ஜூலையில் அந்நாடு தூய கடல்சார் திட்டத்தை வெளியிட்டது. 2025-க்குள் பிரிட்டன் கடலுக்கென்று ஆர்டர் செய்யப்படும் புதிய கலங்கள் அனைத்தும் பூஜ்ய உமிழ்வு உந்துதலுக்கு ஏற்றபடி வடிவமைக்கப்படும் என்று எதிர்பார்ப்பதாக அதில் எழுதியிருந்தது. எதிர்பார்க்கிறோம் என்றுதான் இருந்தது. யார் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன என்பது இல்லை. 2025 வந்தது, எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் புதிய உத்தி வந்தது: 2008-ஐ அடிப்படையாகக் கொண்டு 2030-க்குள் 30 விழுக்காடு, 2040-க்குள் 80 விழுக்காடு, 2050-க்குள் பூஜ்யம். இந்த முறை உள்நாட்டுக் கப்பல் போக்குவரத்தை 2026 ஜூலை முதல், உமிழும் ஒவ்வொரு டன்னுக்கும் உரிமம் வாங்க வைக்கும் உமிழ்வு வணிக முறைக்குள் கொண்டுவரும் ஏற்பாடும் சேர்ந்தது. விலை வைத்த பிறகுதான் எதிர்பார்ப்புக்குப் பல் முளைக்கிறது.

துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கும் மின்சாரம் வேண்டும். விளக்கு, குளிர்ப்பெட்டி, பம்பு, சமையலறை எல்லாம் துணை எஞ்சினில் ஓடுகின்றன. புகை நேராக நகரத்துக்குள் போகிறது. கரையிலிருந்து மின்சாரம் கொடுத்து எஞ்சினை அணைக்கச் செய்யலாம். கலிஃபோர்னியா 2007-லேயே இதற்கான விதியைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2030 முதல் முக்கியத் துறைமுகங்களில் கன்டெய்னர், பயணிகள் கப்பல்களுக்கு இதைக் கட்டாயமாக்குகிறது. திட்ட ஆவணங்களில் ஒரே வரியில் வரும் இந்த ஏற்பாட்டின் உள்ளே ஒரு தொல்லை இருக்கிறது. பெரிய கப்பல்களில் பல 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்குபவை. உலகின் பெரும்பகுதியில் கரை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இடையே ஓர் அதிர்வெண் மாற்றி நிலையம் கட்ட வேண்டும். செலவின் பெரும்பங்கை அது விழுங்கும். செருகியும் உயர்மின்னழுத்தமும் பன்னாட்டுத் தரத்துக்குப் பொருந்த வேண்டும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் துறைமுக நகரத்தின் காற்று தூய்மையாகும்; நாட்டின் கார்பன் கணக்கு அவ்வளவாகக் குறையாது. இரண்டையும் ஒன்றாகக் காட்டி மயக்கும் ஆவணங்களை நம்பக் கூடாது.

மின்நிலையமே கட்டாமல் குறைக்கக்கூடியதும் ஒன்று உண்டு. கப்பலை உந்தத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் ஆற்றல் தேவை 27 விழுக்காடு குறையும். பயணம் நீளுவதால் அதே தூரத்துக்கான எரிபொருள் ஏறத்தாழ 19 விழுக்காடு மிச்சம். இருந்தும் கப்பல்கள் விரைந்து வந்து துறைமுக வாசலில் நாள்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடக்கின்றன. காரணம், பல துறைமுகங்களில் முதலில் வருபவருக்கு முதல் இடம். வாடகை ஒப்பந்தங்களும் தாமதமின்றி விரைந்து செல்லச் சொல்கின்றன. இடம் எப்போது காலியாகும் என்று துறைமுகம் முன்கூட்டியே சொல்லி, வரிசையைக் கடலில் வரும்போதே உறுதிசெய்தால் மாலுமித் தலைவர் வேகத்தைக் குறைப்பார். இதற்கு வேண்டியது துறைமுக விதியில் ஒரு திருத்தமும் தகவல் பரிமாற்ற ஏற்பாடும்.

எரிபொருளுக்கு வருவோம். 2023 ஜூலையில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏற்ற உத்தி, 2050-ஐ ஒட்டி நிகர பூஜ்யம் என்கிறது; 2030-க்குள் கப்பல்கள் பயன்படுத்தும் ஆற்றலில் குறைந்தது 5 விழுக்காடு பூஜ்ய அல்லது அதற்கு நெருங்கிய உமிழ்வுள்ளதாக இருக்க வேண்டும், 10-க்கு முயல வேண்டும் என்கிறது. இன்றைய போட்டியாளர்கள் மெத்தனால், அமோனியா, இயற்கை எரிவாயு, உயிரி எரிபொருள். 2023-இல் 'லாரா மேர்ஸ்க்' மெத்தனாலில் ஓடும் முதல் கன்டெய்னர் கப்பலாகக் கடலில் இறங்கியது. அதே ஆற்றலுக்கு எண்ணெயைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு இடம் மெத்தனாலுக்கு வேண்டும். அமோனியாவில் கார்பனே இல்லை, ஆனால் அது கொடிய நஞ்சு. கசிந்தால் முதலில் சாகப்போவது எஞ்சின் அறையில் நிற்பவர். பயிற்சி என்ற தலைப்பைத் திட்டத்தின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுபவர்கள் இதை நினைக்க வேண்டும்.

இயற்கை எரிவாயுவைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. எரியும்போது அது எண்ணெயைவிடக் குறைந்த கார்பனைத்தான் வெளியிடுகிறது. ஆனால் எஞ்சினில் முழுதும் எரியாமல் நழுவும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். குறை அழுத்த நான்கு வீச்சு எஞ்சினுக்கு ஐரோப்பிய விதி வைத்திருக்கும் நழுவல் அளவு 3.1 விழுக்காடு. ஒரு டன் எரிவாயுவுக்கு 31 கிலோ நழுவினால், அது 868 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். எரிந்து வரும் 2.75 டன்னோடு இதையும் சேர்த்தால் கிடைத்த ஆதாயம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. புகைபோக்கியில் வருவதை மட்டும் அளக்கும் திட்டம் இந்தக் கணக்கைத் தவறவிடும். எடுக்கும் இடம் முதல் எரியும் இடம் வரை அளக்கும் வழிகாட்டு நெறிகள் 2023-இல் ஏற்கப்பட்டுவிட்டன. தேசியத் திட்டங்கள் அவற்றையே அளவுகோலாக எடுக்க வேண்டும்.

பசுமை மின்சாரத்தால் தயாரிக்கும் பசுமை அமோனியாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு டன் தயாரிக்க ஏறத்தாழ 10 மெகாவாட் மணி மின்சாரம் வேண்டும். அந்த ஒரு டன்னில் அடங்கிய ஆற்றல் சுமார் 5. எஞ்சினில் எரித்து உந்துவிசையாகக் கிடைப்பது அதிலும் பாதி. அதே 10 மெகாவாட் மணியை மின்கலத்தில் ஏற்றியிருந்தால் எட்டுக்கு மேல் உந்துவிசைக்குப் போயிருக்கும். ஆகவே குறுகிய தடங்களில் அமோனியாவையோ ஹைட்ரஜனையோ திணிப்பது, கிடைப்பதற்கரிய பசுமை மின்சாரத்தை வீணாக்குவது. மின்கலம் எட்டாத நெடுங்கடலுக்கு மட்டும் அவற்றை ஒதுக்க வேண்டும். எந்தத் தடத்துக்கு எது என்ற இந்தப் பங்கீடுதான் திட்டத்தின் உள்ளீடு. எரிபொருள்களின் பெயரை வரிசையாக அடுக்குவது பங்கீடு ஆகாது. 2021-இல் கிளாஸ்கோவில் 20-க்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்திட்ட கிளைட்பேங்க் பிரகடனம் சொல்லும் பசுமை வழித்தடங்களும், அதாவது இரு துறைமுகங்களுக்கு இடையிலான பூஜ்ய உமிழ்வுத் தடங்களும், இந்த நோக்கில்தான் பொருள்படும்: இரு முனைத் துறைமுகங்களிலும் ஒரே எரிபொருள் கிடைத்தால்தான் கப்பல் முதலாளி துணிந்து கப்பல் கட்டுவார்.

யார் செலவைச் சுமப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. மார்ஷல் தீவுகள் கடல்மட்டத்துக்குச் சில அடி மேலே நிற்கும் பவளத் தீவுகளின் நாடு. லைபீரியா, பனாமாவோடு உலகின் மிகப்பெரிய கப்பல் பதிவேடுகளில் ஒன்று அதனுடையது. இந்த மூன்றிலும் பதிவானவை உலகக் கப்பல் கொள்ளளவில் 40 விழுக்காட்டுக்கும் மேல். பதிவுக் கட்டணத்தில் வாழும் அந்த நாடுதான் 2015-இல் தன் வெளியுறவு அமைச்சர் டோனி டி பிரமை லண்டனுக்கு அனுப்பி, கப்பல்களுக்கு உமிழ்வு இலக்கு வேண்டும் என்று கேட்டது. 2021-இல் சாலமன் தீவுகளோடு சேர்ந்து டன்னுக்கு 100 டாலர் வரி போடச் சொன்னது. 2024-இல், தீவுகளுக்கு இடையே சரக்கு ஏற்றப் பாய்மரத்தின் துணையோடு ஓடும் 'ஜூரென் ஏ' என்ற கப்பலைத் தென் கொரியாவிலிருந்து பெற்றது. இந்த மூன்றையும் ஒரு சிறிய நாடு செய்திருக்கிறது என்பதை நான் மதிப்போடு நினைக்கிறேன்.

மறுபுறம், ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் கப்பல்களைத் தன் உமிழ்வு வணிகத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஐரோப்பியத் துறைமுகத்துக்கு வரும் பயணத்தின் உமிழ்வில் பாதிக்குக் கட்டணம் உண்டு. எந்தத் திட்டமும் தீட்டாத நாட்டின் ஏற்றுமதியாளரும் இதை மறைமுகமாகச் செலுத்துகிறார். பணம் மட்டும் ஐரோப்பிய நிதிக்குப் போகிறது. உலக விதி தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் இதுபோன்ற வட்டார விதிகள் கூடுமே தவிரக் குறையாது. தன் பங்கைக் கேட்டுப் பேச வேண்டிய நாடு, தன் கப்பல்களும் துறைமுகங்களும் எவ்வளவு உமிழ்கின்றன, மாற்ற எவ்வளவு செலவாகும் என்ற எண்களோடு போக வேண்டும்.

கப்பல்கள் 20 முதல் 30 ஆண்டுகள் ஓடும். இன்று கட்ட ஆர்டர் கொடுத்தால் 2050-இலும் அது கடலில் இருக்கும். படகுத் தடம், இழுவைப் படகு, தூர்வாரல், தீவுச் சரக்கு ஆகியவற்றுக்கான அரசு ஒப்பந்தங்களின் காலமும் 10, 15 ஆண்டுகள். அடுத்த மூன்று ஆண்டுகளில் எவை காலாவதியாகின்றன என்ற பட்டியல் ஏதோ ஒரு துறையின் கோப்பில் இப்போதே இருக்கிறது. பழைய நிபந்தனைகளோடு அவை புதுப்பிக்கப்பட்டால் 2040 வரை டீசல் உறுதி. திட்டக் குழு முதல் கூட்டத்துக்கு வரவழைக்க வேண்டியது அந்தக் கோப்பை. அதற்கு அடுத்த நாற்காலியில் மின்வாரியத்தின் பொறியாளரையும், நிதித் துறையில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவரையும் உட்கார வைக்க வேண்டும்.